சிரட்டையால் என்ன செய்யலாம்?

சான்ட்ரிங்ஹாம் சாலையில் மாலை ஐந்தரை மணிக்கு நடந்தால் பசியெடுக்காமல் வீடு திரும்ப முடியாது. ஆக்லாந்து நகரின் நடுவில், ஈடன் பார்க் மைதானத்துக்குத் தெற்கே உள்ள புறநகர் இது. கடைவீதி சிறியதுதான். ஆனால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி போவதற்குள் தோசைக்கல்லின் வாசமும், மளிகைக் கடைக்குள்ளிருந்து பெருங்காய வாசமும், கொத்துரொட்டி வெட்டும் தகரச் சத்தமும் வந்து சேர்ந்துவிடும். ஒருகாலத்தில் ஊருக்கு ஈடன்டேல் என்று பெயர். அந்தப் பழைய பெயர் இப்போதும் சாலையோரத்துத் தொடக்கப் பள்ளியின் பலகையில் இருக்கிறது.

இந்தச் சாலையில் என்னோடு நடப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். இந்தப் புத்தகத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை அவரைச் சோதனை எலியாக்கினேன்.

"அண்ணை, நிக்காம நடந்துகிட்டே பதில் சொல்லுங்க. இருபத்துமூணை எழுபத்தெட்டால பெருக்கினா என்ன வரும்?"

"இதென்ன தம்பி, பகிடியே?" என்றவர் நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டு வரவில்லை. விளக்குக் கம்பத்தடியில் நின்று, கண்ணைச் சுருக்கி, "ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றி நாலு. பிழையே?" என்றார்.

விடை சரி. நான் கவனித்தது விடையை அல்ல, அவர் கால்களை. நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் 2011இல் வெளியான தன் புத்தகத்தில் இதே பெருக்கலைத்தான் சொல்கிறார். உடன் நடப்பவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள், அநேகமாக அப்படியே நின்றுவிடுவார் என்கிறார். நடைக்கும் மனக்கணக்குக்கும் காசு ஒரே சுருக்குப்பையிலிருந்துதான் போகிறது. கணக்கு பெரிய நோட்டைக் கேட்கும்போது கால் தன் சில்லறையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் நடந்துகொண்டே யோசிப்பது வீண் வேலைதானே? கணக்குப் போடுவதுதான் யோசனை என்றால் ஆம், வீண் வேலைதான்.

யோசனையில் இன்னொரு சாதியும் உண்டு. ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் என்னவெல்லாம் செய்யலாம்? காம்பு செருகினால் அகப்பை. எரித்தால் கரி, அந்தக் கரி இஸ்திரிப் பெட்டிக்கு. கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் மரத்தில் கட்டிவைத்தால் பால் பிடிக்கும் கிண்ணம். பிள்ளைகள் கையில் மண் இட்லி அச்சு. இதுவரை எல்லோரும் வந்துவிடுவோம். ஏழாவது, எட்டாவது யோசனைக்குத்தான் மூச்சு வாங்கும். அமெரிக்க உளவியலாளர் ஜே. பி. கில்ஃபோர்ட் இப்படி ஒரு சோதனையை உருவாக்கினார். ஒரு சாதாரணப் பொருளைச் சொல்வார்கள், குறிப்பிட்ட நேரத்துக்குள் அதற்கு எத்தனை மாற்றுப் பயன்கள் தோன்றுகின்றன என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, மற்றவர்கள் சொல்லாததாக இருக்க வேண்டும், நடைமுறைக்கு ஒத்துவரவும் வேண்டும். ஒரு கேள்வியிலிருந்து பல பக்கம் கிளைவிடும் இந்த வகைக்கு விரிசிந்தனை என்று பெயர்.

நியூசிலாந்தில் இருந்துகொண்டு இந்தச் சோதனையைப் பற்றி எழுதும் தமிழனுக்கு ஒரு வெண்கல மணி நினைவுக்கு வராமல் போகாது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்ஸோ என்ற கிறித்தவ ஊழியர், ஆக்லாந்துக்கு வடக்கே வாங்கரே பக்கத்து மவோரி ஊர் ஒன்றில் ஒரு சமையல் பாத்திரத்தைப் பார்த்தார். அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் அது கவிழ்த்துப் போட்ட கப்பல் மணியின் மேல்பாகம். அதைச் சுற்றித் தமிழ் எழுத்துகள். காற்றில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்கள் ஊரார். கொலென்ஸோ ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். இன்று அது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் 'தமிழ் மணி' என்ற பெயரில் இருக்கிறது. தமிழ் மணி எப்படி இவ்வளவு தொலைவு வந்தது என்பதே எல்லோருடைய வியப்பும். எனக்கு அந்தச் சமையல்காரர்மீதுதான் வியப்பு. மணியைப் பார்த்துப் பானையைக் கண்டவருக்குக் கில்ஃபோர்டின் சோதனையில் முழு மதிப்பெண் போட வேண்டும். கொலென்ஸோவும் லேசுப்பட்டவர் அல்ல. வடக்குத் தீவின் காடுமலைகளை மாதக்கணக்கில் நடந்தே கடந்து, செடிகொடிகளைச் சேகரித்தவர்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மேரிலி ஒபெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, கில்ஃபோர்டின் சோதனையைக் கால்களோடு முடிச்சுப் போட்டது. முதல் சோதனையில் 48 மாணவர்கள். வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி ஒரு முறை மாற்றுப் பயன்களைச் சொன்னார்கள். பிறகு அதேபோன்ற வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்துகொண்டே வேறு பொருள்களுக்குச் சொன்னார்கள். 81 சதவீதம் பேருக்கு நடந்தபோது கூடுதலாகத் தோன்றியது. பூங்கா இல்லை, குயில் இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்றுதான். நடையின் பெருமையெல்லாம் இயற்கைக் காட்சிக்கே உரியது என்று நம்பியிருந்தவர்களை இந்தச் சுவர் கொஞ்சம் சங்கடப்படுத்தியது.

இரண்டாம் முறை செய்ததால் கை பழகியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த சோதனையில் சிலரை இரண்டு முறையும் உட்காரவைத்தார்கள், சிலரை முதலில் நடக்கவிட்டுப் பிறகு உட்காரவைத்தார்கள். நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள், இரண்டு முறையும் உட்கார்ந்தே இருந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். நடை நின்ற பிறகும் அதன் சூடு கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. எழுதுபவர்களுக்கு இந்த ஆய்வில் எல்லாவற்றையும்விடப் பயன்படும் செய்தி இதுதான் என்பது என் கருத்து. மேசையில் உட்காருவதற்கு முந்திய கால்மணி நேரத்தை எங்கே செலவழிப்பது என்று அது சொல்லிவிடுகிறது.

கடைசிச் சோதனை இன்னும் நுட்பமானது. சிலர் அறைக்குள் உட்கார்ந்தார்கள், சிலர் உள்ளேயே டிரெட்மில்லில் நடந்தார்கள், சிலர் வெளியே நடந்தார்கள். நாலாவது கூட்டத்தைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அதே வெளிப்பாதையில் தள்ளிக்கொண்டு போனார்கள். காட்சி அதே, கால் மட்டும் சும்மா. இந்த முறை கேட்டது உவமை. ஒரு படிமத்தைச் சொன்னால் அதே பொருளை உள்ளே வைத்திருக்கும் இன்னொரு படிமத்தைச் சொல்ல வேண்டும். வெளியே நடந்தவர்கள் அத்தனை பேரும் குறைந்தது ஒரு புதிய, தரமான உவமையாவது சொன்னார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர்தான் சொன்னார்கள். நாற்காலியில் போனவர்களுக்கு வெளிக்காற்று கொஞ்சம் உதவியது, ஆனால் நடையின் பலன் தனியாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நடையால் படைப்பு யோசனை சராசரியாக 60 சதவீதம் கூடியது என்று அறிவித்தார்கள்.

இந்த 60 சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, 'நடந்தால் மூளை வளரும்' என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது ஒரு செய்தி. அதே ஆய்வில் எதிர்ப்பக்கமும் இருந்தது. அதை யாரும் அனுப்புவதில்லை.

தாய், தேங்காய், கள்ளி. இந்த மூன்று சொற்களோடும் சேரும் ஒரு சொல் எது? பால். விடை ஒன்றே ஒன்றுதான். இங்கே மனம் விரிய வேண்டியதில்லை, தேவையில்லாததைத் தள்ளித் தள்ளி ஒரு புள்ளிக்கு வர வேண்டும். இது குவிசிந்தனை. ஆங்கிலத்தில் இதேபோன்ற புதிர்களை அந்த 48 பேருக்கும் கொடுத்தார்கள். நடந்தபோது முன்னேறியவர்கள் 23 சதவீதம் மட்டுமே. மொத்தத்தில் நடை இந்த வேலையைச் சற்றுக் கெடுக்கவே செய்தது. அண்ணை விளக்குக் கம்பத்தடியில் நின்றதற்கும் இதற்கும் உறவு உண்டு.

இத்தனைக்கும் நடக்கும் வேலையில் பெரும்பகுதியை மூளை தன் மேல்மாடிக்குக் கொண்டுபோவதே இல்லை. இடது, வலது, இடது என்ற தாளத்தைத் தண்டுவடத்தின் நரம்புக் கூட்டங்களே போட்டுக்கொள்ளும் என்பதை தாமஸ் கிரஹாம் பிரவுன் 1911இல் பூனைகளை வைத்துக் காட்டினார். பாதையில் பள்ளம் இருக்கிறதா, சிக்னல் விழுந்ததா என்று பார்க்கத்தான் கொஞ்சம் கவனம் தேவை. அந்தக் கொஞ்சம்தான் சுருக்குப்பையிலிருந்து போகும் சில்லறை. அது போய்விடுவதால், 'இது உதவாது, அது உளறல்' என்று தோன்றுவதையெல்லாம் வாசலிலேயே விரட்டும் உள்காவலாளி சற்று அயர்ந்துவிடுகிறார் என்பது ஒரு விளக்கம். காவலாளி அயர்ந்தால் சிரட்டைக்கு எட்டாவது பயன் உள்ளே நுழைந்துவிடும். கணக்குக்கோ காவலாளி விழித்திருக்க வேண்டும்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சுப்ரியா முரளியும் பார்பரா ஹெண்டலும் செய்த ஆய்வு இந்த விளக்கத்துக்கு வேறொரு திருப்பம் கொடுத்தது. நடப்பதா உட்காருவதா என்பதைவிட, உடல் தன் போக்கில் அசைய முடிகிறதா என்பதே முக்கியம் என்றார்கள் அவர்கள். உட்கார்ந்திருப்பவரைத் திரையில் ஒரே இடத்தைப் பார்க்கச் சொன்னால் விரிசிந்தனை குறைந்தது. கட்டுப்படுத்தப்பட்ட நடையிலும் குறைந்தது. கைபேசித் திரையில் கண்ணைப் பதித்துக்கொண்டு பத்தாயிரம் எட்டு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெஞ்சுக்கு நல்லதுதான். யோசனைக்கு அது நடை அல்ல, இடம்பெயரும் நாற்காலி.

சான்ட்ரிங்ஹாமின் தெருக்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் அங்கே நடப்பது எனக்கு வேறுமாதிரி ஆகிவிட்டது. கிழக்கே மவுண்ட் ஈடன் என்ற மவுங்காஃபாவு, மேற்கே ஓவைராக்கா, தெற்கே த்ரீ கிங்ஸ். சுற்றிலும் அணைந்த எரிமலைகள். சுமார் 28,000 ஆண்டுகளுக்கு முன் த்ரீ கிங்ஸிலிருந்து புறப்பட்ட குழம்பு இந்தப் பள்ளத்தாக்கு வழியாக ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஓடி வடக்கே துறைமுகத்துக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. ஆக்லாந்திலேயே நீளமான குழம்போட்டம் அது. இந்தப் பகுதியில் பெய்யும் மழைநீர் பல இடங்களில் கடலுக்குப் போகும் குழாய்க்குள் விழுவதில்லை. உறிஞ்சுகுழி வழியாக அந்தக் கருங்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்து, வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸில் ஊற்றாக மேலே வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நகரமே அந்த ஊற்றைக் குடித்து வாழ்ந்தது. ஊற்றில் நிற்பவருக்கு அது அன்று காலைதான் பிறந்த நீர்போலத் தெரியும்.

அயர்லாந்துக் கணிதவியலாளர் வில்லியம் ரோவன் ஹாமில்டனின் கதையையும் இப்படித்தான் பாதி சொல்கிறார்கள். 1843 அக்டோபர் 16, டப்ளினில் ராயல் கால்வாய்க் கரையில் மனைவியோடு நடந்துபோனார். ப்ரூம் பாலத்தருகே நாற்கூற்று எண்களுக்கான சமன்பாடு பளிச்சென்று தோன்றியது. கத்தியை எடுத்துப் பாலத்துக் கல்லில் கீறினார். கூட்டத்தில் சொல்ல நல்ல கதை. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் மூன்று கூறுள்ள எண்களைப் பெருக்க முடியாமல் மேசையில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அந்த அக்டோபரில் தினமும் காலைச் சாப்பாட்டின்போது, பெருக்க முடிந்ததா அப்பா என்று பிள்ளைகளே கேட்கும் நிலை. மூன்று போதாது, நாலு வேண்டும் என்பதுதான் கால்வாய்க் கரையில் கிடைத்த திறப்பு. கீறிய கையோடு பாக்கெட் நோட்டிலும் குறித்துக்கொண்டார், மீதியைக் காகிதத்தில் வைத்துச் சரிபார்த்தார். ஆண்டுதோறும் அதே தேதியில் கணிதக்காரர்கள் அந்தக் கரையில் ஊர்வலமாக நடக்கிறார்கள். பல ஆண்டு மழை இல்லாமல் ஊற்று இல்லை என்று ஊர்வலத்தில் யாராவது சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

நம்மிடம் இதற்கு ஆய்வுக்கூடம் இருந்ததில்லை, சொல் இருந்தது. நடை என்றால் காலின் வேலை. நடை என்றால் எழுத்தின் போக்கு. திஸ்ர நடை, கண்ட நடை என்றால் தாளத்தின் உள்கணக்கு. மூன்றுக்கும் ஒரே சொல் போட்டவர்கள் ஏதோ கவனித்திருக்கிறார்கள். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. வழியில் எதிர்ப்படும் ஒருவருக்கு, இப்படிப் போ, இன்ன நிலம் வரும், இன்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகும் பாட்டுகள். பாதையின் வரிசையே பாட்டின் வரிசையாகிவிடுகிறது. பாடுபவன் எதையும் மறக்க வேண்டியதில்லை, மனசுக்குள் நடந்தால் போதும்.

இதைவிட நெருக்கமான உதாரணம் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிறந்து முப்பதைத் தொடாமல் இறந்தவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, வழிநடைக் களைப்புத் தெரியாமலிருக்க ரெட்டியார் பாடியவையே காவடிச் சிந்து என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்வழியாகக் காவடி போகும்போது கேட்டிருக்கிறேன். அந்த மெட்டை உட்கார்ந்து கேட்டாலும் முழங்கால் சும்மா இருக்காது. நடக்கும் காலுக்காக அளவெடுத்துத் தைத்த செய்யுள் அது. எட்டு வைக்கும் கூட்டத்தோடு எட்டு வைத்தபடி கட்டியிருக்காவிட்டால் அந்த அடுக்கடுக்கான எதுகையும் துள்ளலும் இத்தனை பொருத்தமாக விழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஸ்டான்ஃபோர்டின் வெறும் சுவரைவிடக் கரிசல்காட்டு வெயில் உசத்தி என்று சொல்ல வரவில்லை. சுவர் காட்டியதையும் வெயில் காட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்கிறேன்.

எவ்வளவு வேகம்? ஒபெஸ்ஸோவின் சோதனைகளில் அவரவருக்கு வசதியான வேகம்தான். இதற்கு சான்ட்ரிங்ஹாமுக்குப் பக்கத்து ஓவைராக்காவில் ஒரு வாத்தியார் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட். அவர் பயிற்சி கொடுத்த பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள் தங்கம் வென்றார்கள். பிறகு அவர் இதயநோய் கண்ட நடுவயதுக்காரர்களை மெதுவாக ஓடவைத்தார். 1962இன் கடைசியில் அதைப் பார்த்துவிட்டுப் போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பௌவர்மன்தான் மெல்லோட்டத்தை அமெரிக்காவில் பரப்பினார். லிடியார்டின் அளவுகோல் எளியது: ஓடிக்கொண்டே பேச முடிய வேண்டும். யோசனை நடைக்கும் அதுவே போதும். மூச்சிரைத்தால் மூச்சைத் தவிர வேறெதுவும் மனசில் நிற்காது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். இதில் பாதி ஆய்விலிருந்து வந்தது, மீதி அடிபட்டு வந்தது. வீட்டை விட்டு இறங்கும்போது ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வேன். 'அத்தியாயத்தை எப்படி முடிப்பது' மாதிரி ஒற்றை விடைக் கேள்வி கூடாது, 'இதை எத்தனை விதமாக ஆரம்பிக்கலாம்' மாதிரி இருக்க வேண்டும். விரல்விட்டு எண்ணுவேன். முதல் ஐந்து எப்போதும் குப்பை, ஊரே யோசித்தது. கடைவீதிக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் ஏதாவது ஒன்றைக் கேள்வியோடு வம்புக்கு இழுப்பேன். மீன் பெட்டி, தள்ளுவண்டி, பேருந்துத் தடத்தின் பச்சைப் பூச்சு, எதுவானாலும் சரி. இந்த அத்தியாயத்துக்குள் தமிழ் மணி வந்தது ஒரு கடை வாசலில் கவிழ்த்து அடுக்கியிருந்த அலுமினியச் சட்டிகளால்தான்.

தோன்றியதை உடனே பிடிக்காவிட்டால் வீட்டுக் கதவைத் திறக்கும்போது போய்விடும். மூன்று நல்ல தொடக்கங்களை இப்படிப் பறிகொடுத்தபின் கைபேசியில் குரலாகப் பதிந்துவிட்டு உடனே பைக்குள் போடப் பழகினேன். எது தேறும், எது தேறாது என்று வழியில் தீர்ப்புச் சொல்வதில்லை. அது திரும்பி வந்து, ஒரு தேநீர் குடித்து, உட்கார்ந்து செய்யும் வேலை. சோர்ந்துபோன நாளில் மட்டும் பாதையை மாற்றி, பழைய சதுப்புநிலத்தின்மேல் இருக்கும் கிரிபிள்ஹர்ஸ்ட் பூங்காப் பக்கம் திரும்புவேன். அதற்குக் காரணம் வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மார்க் பெர்மன், ஜான் ஜோனிடிஸ், ஸ்டீஃபன் கப்லன் மூவரும் 2008இல் காட்டியது அது. மரங்களுக்கிடையே 50 நிமிடம் போல நடந்து வந்தவர்கள் எண்களைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்வதில் தேறினார்கள், நகரத் தெருவில் நடந்தவர்கள் அவ்வளவாகத் தேறவில்லை. கால் யோசனைக்கு என்றால் மரம் கவனத்துக்கு. குளிரில் நடுங்கிக்கொண்டு நடந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது என்பது ஆக்லாந்தின் ஜூலை மாதத் தூறலில் எனக்கு ஓர் ஆறுதல்.

அண்ணையிடமும் சிரட்டைச் சோதனையைச் செய்து பார்த்தேன். நாலு நிமிடம் உட்கார்ந்து ஏழு, நாலு நிமிடம் நடந்து பன்னிரண்டு. "சிரட்டை எண்டபடியால் சரி தம்பி, இன்னொருக்காப் பெருக்கல் கேட்டீரோ நான் தனிய நடப்பன்" என்றார். ஒரே ஒரு மனிதரை, உட்காரவைத்துப் பிறகு நடக்கவைத்து, அதுவும் ஒரே பொருளை வைத்துச் செய்த சோதனை எதையும் நிரூபிக்காது. நீங்கள் செய்யும்போது இரண்டு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் உட்கார்ந்து தொடங்குங்கள், மறுநாள் நடந்து தொடங்குங்கள். எண்ணிக்கையை ஒரு வாரம் எழுதி வையுங்கள், அசட்டுத்தனமாகத் தோன்றுவதையும் அடிக்காமல்.